மூன்றடி நீர்ச்செடித் தொட்டிக்கு இரண்டு 39 வாட் டி5 டியூப்களும் தேவையா?

அல்சூர்வாசி, பெங்களூரு:

அனைவருக்கும் வணக்கம்.

அல்சூரில் ஒரு வாடகை வீட்டின் முதல் மாடியில் குடியிருக்கிறேன். 36 அங்குல நீளம், 15 அங்குல அகலம், 18 அங்குல உயரம் உள்ள கண்ணாடித் தொட்டி ஒன்றைச் சொல்லிச் செய்து வாங்கியிருக்கிறேன். மண்ணுக்கும் மேல்விளிம்பு இடைவெளிக்கும் கழித்துப் பார்த்தால் சுமார் 130 லிட்டர் நீர் நிற்கும். மீன்களைவிடச் செடிகளே எனக்கு முதன்மை. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகொரைன், வாலிஸ்னேரியா ஆகியவற்றை நடவும், பின்பக்க நடுவில் ஒரு கொத்து ரொட்டாலா ரொட்டண்டிஃபோலியா வளர்க்கவும் எண்ணியிருக்கிறேன். கரியமில வாயு சிலிண்டர் இப்போதைக்கு வைக்கப்போவதில்லை. வீட்டுக்குக் காவிரி நீரும் போர்வெல் நீரும் கலந்தே வருகின்றன. கோடையில் போர்வெல் நீரே மிகுதி.

என் மைத்துனர் தமது கடல்நீர்த் தொட்டியைக் கலைத்தபோது, இரண்டு 39 வாட் டி5 (மெலிந்த வகை) டியூப்கள் பொருத்தக்கூடிய ஃபிட்டிங்கை எனக்குக் கொடுத்துவிட்டார். உள்ளே ஒவ்வொரு டியூபுக்கும் தனித்தனியாக வளைந்த அலுமினிய ரிஃப்ளெக்டர் இருக்கிறது. பவளத்துக்காக அவர் போட்டிருந்த நீல டியூப்களைக் கழற்றி வைத்துவிட்டேன். புதிதாக எந்த டியூப் வாங்குவது என்பதில்தான் குழப்பம். சிவாஜிநகரில் மீன் தொட்டிக் கடை வைத்திருப்பவர், செடிக்கென்றே வரும் இளஞ்சிவப்பு டியூப் இல்லாமல் எதுவும் வளராது என்கிறார். அலுவலக நண்பர், லிட்டருக்கு அரை வாட் என்பது விதி, ஆகவே இரண்டு டியூப்களும் எரிந்தே ஆகவேண்டும் என்கிறார். டியூபை ஆண்டுதோறும் மாற்றவேண்டும் என்றும் ஒருவர் சொன்னார். எந்த நிற டியூப், எத்தனை, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எப்போது மாற்றுவது என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் காரணத்தோடு விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

நீர்ப்பிரமி, பானசவாடி:

வணக்கம் தம்பி. காரணத்தோடு கேட்டிருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

விளக்கைப் பற்றி முடிவெடுக்கும் முன் கரியமில வாயுவைப் பற்றி யோசிக்கவேண்டும். காற்றோடு சமநிலையில் உள்ள நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ அரை மில்லிகிராம் கரியமில வாயுதான் கரைந்திருக்கும். மீன்களும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் அதைச் சற்று உயர்த்தும். சிலிண்டர் வைத்தவர்கள் அதை 20 முதல் 30 மில்லிகிராம் வரை கொண்டுபோகிறார்கள். போதாக்குறைக்கு, அந்த வாயு காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. எனவே சிலிண்டர் இல்லாத தொட்டியில் செடியின் வளர்ச்சிக்கு வரம்பு கட்டுவது பெரும்பாலும் ஒளி அன்று, கார்பன். அந்த நிலையில் ஒளியை இரட்டிப்பாக்கினால் செடி இரட்டிப்பாக வளராது. இலை திணறி நிற்கும், அதன்மேல் பாசி ஏறும். செடி வைப்பவர்கள் பாசி வந்ததும் உரத்தைக் குறைக்கிறார்கள், நீரை மாற்றுகிறார்கள், மருந்து ஊற்றுகிறார்கள். தலைக்குமேல் எரியும் இரண்டாவது டியூபை அணைக்க மட்டும் மனம் வருவதில்லை. இதை நான் பல வீடுகளில் வருத்தத்தோடு பார்த்திருக்கிறேன்.

நண்பர் சொன்ன வாட் கணக்கு, 38 மில்லிமீட்டர் தடிமனுள்ள டி12 டியூப்களும் 26 மில்லிமீட்டர் டி8 டியூப்களும் வெள்ளைப் பெயிண்ட் அடித்த பெட்டிக்குள் எரிந்த காலத்தில் உண்டானது. வாட் என்பது டியூப் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தின் அளவே தவிர, இலைக்குப் போய்ச் சேரும் ஒளியின் அளவு அன்று. டி5 டியூபின் தடிமன் 16 மில்லிமீட்டர்தான். மேல்நோக்கிப் போகும் ஒளி ரிஃப்ளெக்டரில் பட்டுத் திரும்பும்போது, தடித்த டியூபாக இருந்தால் அதில் நல்ல பங்கு டியூபின் மேலேயே விழுந்து வீணாகும். மெலிந்த டியூபாக இருந்தால் பக்கவாட்டில் தப்பி நீருக்குள் இறங்கும். உங்கள் ஃபிட்டிங்கில் டியூபுக்கு ஒன்றாகத் தனி வளைவு ரிஃப்ளெக்டர் இருப்பதால், பழைய கணக்கில் வரும் எண் உங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது.

அடுத்து டியூபின் நிறம். கண்ணாடியின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் மூன்று இலக்க எண்ணைப் படித்துப் பாருங்கள். 865 என்றிருந்தால், முதல் இலக்கம் நிறங்களைக் காட்டும் தரக்குறியீடு 80-க்கு மேல் என்பதையும், அடுத்த இரண்டும் ஒளியின் நிறம் 6500 கெல்வின், அதாவது பகல் வெண்மை, என்பதையும் குறிக்கும். 840 என்றால் 4000 கெல்வின், சற்று மஞ்சள் கலந்த வெண்மை. 765 என்பது பழைய வகைப் பாஸ்பரம் (டியூபின் உட்புறத்தில் ஒளிரும் பூச்சு) பூசியது. நான்கடி நீள 36 வாட் டி8 டியூபையே எடுத்துக்கொண்டால், 765 சுமார் 2500 லூமென் தரும் இடத்தில் மூன்று பாஸ்பரங்கள் பூசிய 865 சுமார் 3250 லூமென் தருகிறது. எனவே உங்களுக்கு நான் சொல்வது 865. 840 போட்டாலும் செடிகள் வளரும். நீர் சற்றுப் பழுப்பாகத் தோன்றும், அவ்வளவுதான்.

இளஞ்சிவப்பு டியூபைப் பற்றி: பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் மிகுதியாக உறிஞ்சுகிறது என்பது உண்மை. அதனால் பச்சை ஒளி வீண் என்று முடிவுகட்டுவது சரியில்லை. மெக்கிரீ என்ற ஆய்வாளர் 22 பயிர்களின் இலைகளை ஒவ்வொரு நிற ஒளியிலும் வைத்து அளந்து 1972-இல் வெளியிட்ட வரைகோடுகளில், பச்சைப் பகுதியில் ஒளிச்சேர்க்கை சற்றுத் தாழ்கிறதே ஒழிய நின்றுவிடுவதில்லை. வெள்ளை டியூபில் செடிக்கு வேண்டிய நீலமும் சிவப்பும் போதிய அளவு இருக்கின்றன. இளஞ்சிவப்பு டியூப் நம் கண்ணுக்கு மங்கலாகத் தெரியும். சிவப்பு மீனையும் சிவப்பு இலையையும் பளிச்சென்று காட்டும். உங்கள் கண்ணுக்கு அது பிடித்திருந்தால் வாங்குங்கள், செடிக்காக என்று நினைத்து வாங்கவேண்டாம். ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள்: லூமென் என்பது மனிதக் கண்ணின் உணர்திறனை வைத்துக் கணக்கிடும் அளவு. அந்த உணர்திறன் 555 நானோமீட்டர் பச்சையில்தான் உச்சம். ஆகவே இளஞ்சிவப்பு டியூபையும் வெள்ளை டியூபையும் லூமெனை வைத்து ஒப்பிட முடியாது.

முடிவாக, ஒரே ஒரு 39 வாட் 865 டியூப், முதல் சில வாரங்களுக்கு நாளொன்றுக்கு 6 மணி நேரம், செடிகள் வேர்பிடித்துப் புது இலை விட்டபின் 8 மணி நேரம். டைமர் கட்டாயம் வேண்டும்.

மாற்றும் காலத்தையும் சொல்லிவிடுகிறேன். நாளுக்கு 8 மணி நேரம் எரிந்தால் ஓராண்டில் 2920 மணி நேரம் ஆகிறது. மூன்று பாஸ்பர டியூப்கள் பத்தாயிரம் மணி நேரத்துக்குப் பிறகும் தொடக்க ஒளியில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைத் தக்கவைப்பவை. ஆண்டுதோறும் மாற்றச் சொல்வது பழைய வகை டியூப்களுக்குச் சொன்ன அறிவுரை. போர்வெல் நீர் தெறித்து மூடிக் கண்ணாடியின் அடிப்பக்கத்தில் படியும் வெள்ளை உப்பு, டியூபின் வயதைவிட அதிக ஒளியைத் தின்னும். மாதம் ஒருமுறை அந்தக் கண்ணாடியைக் கழற்றி வினிகர் நனைத்த துணியால் துடைத்து, நல்ல நீரில் கழுவி மாட்டுங்கள்.

பீன்யா மின்பணி:

ஐயா, மேலே நீர்ப்பிரமி அம்மா சொன்ன ஒற்றை டியூப் யோசனையை நானும் ஏற்கிறேன். ஆனால் அதைச் செய்வதற்கு முன் பேலஸ்ட்டை, அதாவது டியூபுக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கருவியை, கவனிக்கவேண்டும். இந்த 39 வாட் டி5 டியூப் எலக்ட்ரானிக் பேலஸ்ட்டில் மட்டுமே ஓடும். பழைய டியூப் லைட்டின் சோக்கும் ஸ்டார்ட்டரும் இதற்கு ஆகா. இரண்டு டியூப்களுக்கு ஒரே பேலஸ்ட் உள்ள ஃபிட்டிங்குகள் பலவற்றில், ஒரு டியூபைக் கழற்றினால் பேலஸ்ட் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டு மற்றதையும் அணைத்துவிடும். உங்களுடையது எந்த வகை என்பது பேலஸ்ட்டின் மேல் ஒட்டியிருக்கும் இணைப்புப் படத்தைப் பார்த்தால் தெரியும்.

வாட்டைக் குறைக்கலாம் என்று 21 வாட் டி5 டியூபை அதில் போட்டுவிடாதீர்கள். அதுவும் 39 வாட் டியூபும் ஒரே நீளம், 849 மில்லிமீட்டர். முனைகளும் ஒன்றே, அழகாகப் பொருந்தும். ஆனால் 21 வாட் டியூப் 170 மில்லிஆம்பியருக்கு உரியது, 39 வாட் டியூப் 340 மில்லிஆம்பியருக்கு உரியது. டியூபின் வகையை உணர்ந்து மின்னோட்டத்தை மாற்றிக்கொள்ளும் பேலஸ்ட்டாக இல்லாவிட்டால், 21 வாட் டியூபின் முனைகள் விரைவில் கறுத்துப் போகும்.

நான் பரிந்துரைப்பது இதுதான். இரட்டைப் பேலஸ்ட்டை எடுத்துவிட்டு, 39 வாட் டி5 ஒற்றை டியூபுக்கான பேலஸ்ட் இரண்டு வாங்கி, டியூபுக்கு ஒன்றாகத் தனித்தனி வயர், தனித்தனி டைமர் கொடுங்கள். எஸ்.பி. ரோட்டில் மின்பொருள் கடைகளில் கேட்டுப் பாருங்கள். இன்று ஒரு டியூப் போதும். நாளை சிலிண்டர் வைத்தால் இரண்டாவதை எரித்துக்கொள்ளலாம். பேலஸ்ட்களை மூடிக்குள் வைக்காமல், காற்றோட்டமாக ஸ்டாண்டின் பக்கவாட்டில் வெளியே பொருத்துங்கள். டியூபின் முனைகளுக்கு ரப்பர் வளையமுள்ள நீர்புகா மூடி போடுங்கள். பிளக்குக்கு வரும் வயர், பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவு தொங்கிப் பிறகு மேலேறிப் போகவேண்டும். வயரில் வழியும் நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், சாக்கெட்டுக்குப் போகாது. வீட்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் தொட்டிக்குள் கைவிடுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாடகை வீடாக இருந்தால் உரிமையாளரிடம் பேசிப் போட்டுக்கொள்ளுங்கள்.

வெப்பம் குறித்து ஒரு சொல். டி8 டியூப் சுமார் 25 டிகிரி சூழலிலும், டி5 டியூப் சுமார் 35 டிகிரி சூழலிலும் உச்ச ஒளி தருமாறு செய்யப்பட்டவை. ஆகவே மூடிக்குள் சற்றுச் சூடாக இருப்பது டி5-க்குக் கேடில்லை. நீரைக் குளிர்விக்க விசிறி வைத்தால், அதன் காற்று நேராக டியூபின் மேல் அடிக்காமல் நீர்ப்பரப்பின் மேல் போகுமாறு திருப்பிவையுங்கள்.

மடிவாளா கண்ணாடித்தொட்டி:

புதிதாகக் காசு கொடுத்து வாங்குபவராக நீங்கள் இருந்தால் எல்.ஈ.டி. விளக்கைத்தான் சொல்லியிருப்பேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் முதல் டி5, டி8 டியூப்களைச் சந்தைக்குக் கொண்டுவருவது நின்றுவிட்டது. பாதரசம் குறித்த மினமாட்டா உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் 2023 நவம்பரில் ஜெனீவாவில் கூடியபோது, பொது வெளிச்சத்துக்கான நீள டியூப்களில் பழைய பாஸ்பர வகையை 2026-க்குள்ளும், மூன்று பாஸ்பர வகையை 2027-க்குள்ளும் உற்பத்தியிலிருந்தும் ஏற்றுமதி இறக்குமதியிலிருந்தும் விலக்குவதாக முடிவு செய்தன. இந்தியாவும் அதில் உறுப்பு நாடு. நல்ல ரிஃப்ளெக்டரோடு கிடைத்த ஃபிட்டிங்கைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். 865 டியூப் கிடைக்கும்போதே கூடுதலாக இரண்டு வாங்கி, அட்டை உறையோடு படுக்கைவாக்கில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய நீல டியூப்களைக் குப்பை வண்டியில் போடாதீர்கள். 2023 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள மின்கழிவு விதிகளில் பாதரச டியூப்களும் அடங்கும். அங்கீகாரம் பெற்ற மின்கழிவுச் சேகரிப்பாளரிடம்தான் கொடுக்கவேண்டும். தற்செயலாக உடைந்தால் சன்னலைத் திறந்துவிட்டுச் சிறிது நேரம் அறையை விட்டு வெளியேறுங்கள். பிறகு கையுறை போட்டுக்கொண்டு கெட்டி அட்டையால் வழித்து எடுத்து மூடியுள்ள டப்பாவில் இடுங்கள். துடைப்பமோ வேக்குவம் கிளீனரோ வேண்டாம்.

அல்சூர்வாசி:

மூவருக்கும் மிக்க நன்றி. இரண்டு 865 டியூப்கள் வாங்கி மாட்டினேன். பீன்யா ஐயா சொன்னது போலவே, ஒன்றைக் கழற்றியதும் மற்றதும் அணைந்துவிட்டது. ஒற்றைப் பேலஸ்ட்கள் இரண்டுக்குச் சொல்லியிருக்கிறேன்.

இதற்கிடையில் தொட்டி காலியாக இருக்கும்போதே ஒளியை அளந்து பார்க்கலாம் என்று, உறவினர் ஒருவரிடமிருந்து லக்ஸ் மீட்டரை இரவல் வாங்கி அடித்தளத்தில் வைத்தேன். இரண்டு டியூப்களும் எரியும்போது நடுவில் 6000 லக்ஸ் அளவு காட்டுகிறது. ஒரு டியூபைக் கறுப்பு அட்டையால் முழுக்க மறைத்தால் நடுவில் 3000, இரு ஓரங்களில் 1800 அளவு. இதைச் செடிகளுக்கான கணக்கில் எப்படிப் புரிந்துகொள்வது? ரொட்டாலாவை எங்கே நடுவது?

நீர்ப்பிரமி, பானசவாடி:

நீர் ஊற்றும் முன்பே அளந்தது மிகவும் நல்ல காரியம், தம்பி. 6500 கெல்வின் வெள்ளை டியூபாக இருந்தால், லக்ஸ் எண்ணைச் சுமார் 75-ஆல் வகுத்தால் ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் ஒளியின் அளவு மைக்ரோமோலில் தோராயமாகக் கிடைக்கும். இரண்டும் எரிந்தால் நடுவில் 80. ஒன்று மட்டும் எரிந்தால் நடுவில் 40, ஓரங்களில் 24. சிலிண்டர் இல்லாத தொட்டிக்கு அடித்தளத்தில் 30 முதல் 40 வரை இருந்தால் போதும் என்பதால், ஒற்றை டியூப் உங்களுக்குச் சரியாகப் பொருந்துகிறது. மண் போட்டால் தளம் சற்று உயரும், நீர் ஊற்றினால் ஒளி சற்று உறிஞ்சப்படும்; இந்தக் கணக்கில் பெரிய மாற்றம் வராது. இளஞ்சிவப்புக்கோ பவள டியூபுக்கோ இந்த 75 பொருந்தாது என்பதை மறவாதீர்கள்.

ஓரங்களில் உள்ள 24 குறை அன்று, அது உங்களுக்குக் கிடைத்த வசதி. அனுபியாஸையும் ஜாவா ஃபெர்னையும் கட்டையில் கட்டி அந்த ஓரங்களில் வையுங்கள். இரண்டுமே மெதுவாக வளர்பவை. நேர் ஒளியில் வைத்தால் இலைமேல் பச்சைப் புள்ளிப் பாசி கெட்டியாக ஒட்டிக்கொள்ளும், நகத்தால் சுரண்டினாலும் போகாது. கட்டும்போது கிழங்கு போன்ற தண்டை மண்ணில் புதைக்கவேண்டாம், அழுகிவிடும். கிரிப்டோகொரைனை முன்பக்க நடுவிலிருந்து பக்கங்களுக்கு நடலாம். நட்ட சில நாட்களில் அதன் இலைகள் கரைந்துபோனால் அஞ்சவேண்டாம், வேரைத் தொடாமல் விட்டால் மறுபடி துளிர்க்கும். வாலிஸ்னேரியா நீரிலுள்ள பைகார்பனேட்டிலிருந்தும் கார்பனை எடுத்துக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே கோடையில் வரும் உங்கள் போர்வெல் நீர் அதற்கு உகந்தது; பின்பக்கச் சுவரோரம் முழுவதும் அதற்கே கொடுங்கள்.

ரொட்டாலா இந்தியா முதல் தென்கிழக்கு ஆசியா வரை சதுப்பு நிலங்களிலும் நெல் வயல்களிலும் தானாக வளரும் செடி. அதை வளர்ப்பது கடினமில்லை, சிவக்க வைப்பதுதான் கடினம். 40 மைக்ரோமோலில் அது பச்சையாகவும், நுனி மட்டும் லேசான செம்மையாகவும் இருக்கும். கடையில் பார்த்த செந்நிறம் வேண்டுமென்றால் சிலிண்டரும் இரண்டாவது டியூபும் சேர்ந்தே வரவேண்டும். டியூபை மட்டும் சேர்த்தால் நிறத்துக்கு முன்னால் பாசி வந்துவிடும். பச்சை ரொட்டாலாவும் அடர்ந்து நின்றால் மிக அழகு. தொட்டியின் நடுவில், எரியும் டியூபுக்கு நேர் கீழே, தண்டுக்குத் தண்டு ஓர் அங்குல இடைவெளி விட்டு நடுங்கள். இரண்டு டியூப்களில் பின்பக்கம் உள்ளதை எரியவிடுங்கள்.

ஒரு மாதம் கழித்துத் தண்டில் கணுவுக்குக் கணு உள்ள இடைவெளியைப் பாருங்கள். அது நீண்டு, கீழ் இலைகள் உதிர்ந்தால் ஒளி போதவில்லை என்று பொருள். அப்போது இரண்டாவது டியூபை நண்பகலில் ஒரு மணி நேரம் மட்டும் சேர்க்கலாம். கண்ணாடியில் பச்சைப் புள்ளியோ, அனுபியாஸ் இலையோரத்தில் கறுப்பு முடி போன்ற பாசியோ தென்பட்டால், அந்த ஒரு மணி நேரத்தை நீக்கிவிட்டு, முதல் டியூபையும் மறுபடி 6 மணி நேரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

பீன்யா மின்பணி:

பின்பக்க டியூபுக்கான வயரில் ஒரு துண்டு சிவப்பு டேப்பைச் சுற்றிவிடுங்கள் ஐயா. இரண்டு பேலஸ்ட்களும் இரண்டு டைமர்களும் ஒரே மாதிரி இருப்பதால், மின்வெட்டுக்குப் பின் டைமரின் நேரத்தைத் திருத்தும்போது மாறிப்போகும். இதே காரணத்தால், உள்ளே பேட்டரி வைத்த டிஜிட்டல் டைமராக வாங்குவது நல்லது. முள் சுற்றும் வகை டைமர் மின்சாரம் போன நேரமெல்லாம் நின்று நின்று ஓடி, சில வாரங்களில் உங்கள் பகலை இரவுக்குத் தள்ளிவிடும்.